உப்பு ஜன்னல்

ஜனவரி. டவுன்ஸ்வில்லில்
காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.
என் ஜன்னல்களோ உப்பில் செய்தவை.
பொட்டாசியம் புரோமைடு, பப்பட அப்பளத்தைவிடச் சிறிய வட்டம்,
மூச்சுப் பட்டாலே முகம் மங்கும்.
கையுறை இல்லாமல் தொடமாட்டேன்.
வேலை முடிந்ததும் சிலிக்கா மணிகளோடு
கண்ணாடி ஜாடிக்குள் அடைத்துவிட்டு
கடன் கொடுத்தவளைப் போல
போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பேன்.

இரண்டு வில்லைகளுக்கு நடுவே
ஃபார்மிக் அமிலத்தின் ஆவி, ஒரு துளிக்கும் குறைவு.
எறும்பின் கோபம் என்றால் எவருக்கும் புரியும்.
கட்டடத்துக்கு வரும் வழியில் ஒரு மாமரம்,
மரம் முழுக்க முசுறு.
அங்கே செம்பழுப்பு, இங்கே பச்சை வயிறு,
கடியில் மட்டும் உச்சரிப்பு மாறவில்லை.

பக்கத்து அறை டீகன் ப்ரௌஸுக்கு.
ராமன் இருக்குமிடம் அயோத்தி என்பார்கள்,
எங்கள் மாடியில் ராமன் இருக்குமிடம் இருட்டு.
கறுப்புத் திரை. பச்சை லேசர்.
கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தால்
தட்டக்கூடாது, எதற்காகவும்.

நான் அகச்சிவப்பை உள்ளே அனுப்பி
எது திரும்பவில்லை என்று கணக்கெடுப்பவள்.
அவள் பச்சையை எறிந்துவிட்டு
கோடியில் ஒன்று நிறம் மாறிச் சிதறுவதற்குக்
காத்திருப்பவள்.
என் தாளில் பள்ளங்கள், அவள் தாளில் சிகரங்கள்.

கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில்
இழுத்து விடும் அந்த அசைவு
எனக்கு ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறில்,
அவளுக்கு ஆயிரத்து அறுநூற்று அறுபத்தெட்டில்.
வந்த புதிதில் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறோம்.
"உன் கருவி நகர்ந்திருக்கிறது."
"உன் உப்பு ஈரம் குடித்திருக்கிறது."

இந்த அமிலத்துக்குத் தனிமை பிடிக்காது.
இரண்டு மூலக்கூறுகள் தலைகீழாய் எதிரெதிரே நின்று
ஒன்றின் ஹைட்ரஜனை மற்றதன் ஆக்சிஜனுக்கு நீட்டும்.
இரண்டு பிடி. நட்ட நடுவில் ஒரு வெற்றுப் புள்ளி.
அந்தப் புள்ளி இருக்கும்வரை
எனக்குத் தெரிவது அவளுக்குத் தெரியாது.
இரண்டும் சேர்ந்து இழுத்தால் அவளுடையது,
ஒன்று இழுக்க ஒன்று விட்டால் என்னுடையது.
பாகப் பிரிவினை மாதிரி,
ஆனால் வழக்கில்லாதது.

நேற்றுப் புயல் எச்சரிக்கை.
ஆறு மணிக்குள் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லியிருந்தார்கள்.
கடைசி ஓட்டத்தில்
அவளுடைய எண்ணில், என் தாளில்,
ஒரு பள்ளம்.
கன்னக்குழி அளவுதான்.
வில்லையை மாற்றினேன். உலர்காற்று விட்டேன்.
போகவில்லை.
சிவப்பு விளக்கு எரிய எரியக் கதவைத் தட்டினேன்.

அவள் திட்டவில்லை. திரும்பவும் இல்லை.
"உன்னுடையது ஒன்று இங்கே வந்து நிற்கிறது" என்றாள்.

ஓவனைக் கூப்பிட்டோம். காது சிவந்தது அவனுக்கு.
அமிலம் ஊற்றிய குடுவையில்
போன வாரம் கனநீர் இருந்ததாம்,
காய்ந்திருக்கும் என்று நினைத்தானாம்.

காயவில்லை.
ஜோடியில் ஒரு பக்கத்து ஹைட்ரஜன் எழுந்து போய்
அதே பெயரில் இருமடங்கு எடைக்காரன் உட்கார்ந்துவிட்டான்.
பிடி அப்படியேதான் இருக்கிறது,
நடுப்புள்ளிதான் இல்லை.
அவள் வீட்டு ஓசை என் சுவரில்,
என் வீட்டு ஓசை அவள் சுவரில்.

இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாய்
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தோம்.
வெளியே காசில் ஹில் ஈயநிறமாய் நனைந்துகொண்டிருந்தது.
ஓவன் பாவம், குடுவையைக் கழுவ எடுத்தான்.
"வேண்டாம்!" என்றோம்
ஒரே நேரத்தில், ஒரே சுருதியில்.

புயல் கடலுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.
காலையில் வந்து விளக்கைப் போட்டேன்.
மேசைமேல் என் உப்பு ஜன்னல்கள் இரண்டும்,
ஜாடிக்கு வெளியே, இரவு முழுக்க,
கண்புரை விழுந்து.
தேய்த்து மெருகேற்ற அரை நாள் ஆகும்.

டீகன் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.